மலையும் கடைமடையும்: பெரியாறு, வைகை நீர்வரத்தின் வரலாறு திருமங்கலத்திலிருந்து

காலேபின் மகள் அக்சாளைப் பற்றி நம் பிரசங்க பீடங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. யோசுவா 15ஆம் அதிகாரத்திலும் நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரத்திலும் ஏறத்தாழ ஒரே விதமாக அவள் வரலாறு சொல்லப்படுகிறது. தகப்பன் அவளுக்குக் கொடுத்தது தென்திசை வறண்ட நிலம். அவள் கழுதையை விட்டிறங்கித் தகப்பன் முன் நிற்கிறாள். நிலம் கிடைத்தது, நீர் கிடைக்கவில்லை என்பதே அவளுடைய முறையீடு. மேற்புறத்து ஊற்றுகளும் கீழ்ப்புறத்து ஊற்றுகளும் அவளுக்குக் கொடுக்கப்படுகின்றன. தெபீரை அடுத்த நீரூற்றுகள் ஒத்னியேலின் வம்சத்தாருக்கு உரியனவான காரணத்தைக் கூறும் பழைய மரபு இது என்று குறிப்பிட்டுவிட்டு விளக்க நூல்கள் மேலே சென்றுவிடுகின்றன.

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள சபைகளில் ஊழியம் செய்கிறவர் அவ்வளவு எளிதில் மேலே சென்றுவிட முடியாது. நீருக்கு மேற்புறம், கீழ்ப்புறம் என இரண்டு உண்டு என்பதும், கீழ்ப்புறத்தில் இருப்பவனுக்குக் கேட்டாலன்றிக் கிடைக்காது என்பதும் அங்கே சிறுபிள்ளையும் அறிந்த செய்திகள். பெரியாறு, வைகை ஆகிய இரு நதிகளின் மலைப்பகுதி கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு ஆளப்பட்டது என்பதைக் கடைமடையில் நின்று பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. இவ்வரலாற்றைப் பெரும்பாலோர் அணையில் நின்றே எழுதியுள்ளனர்.

குண்டாற்றங்கரை

திருமங்கலம் மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெளியூரார் பலர் அது வைகைப் பாசனத்து ஊர் என்றே எண்ணுகின்றனர். ஊரின் ஆறோ குண்டாறு. மேற்கே வருசநாடு, ஆண்டிபட்டி மலைத்தொடர் ஒரு நீர்வரம்பு போல் நிற்கிறது. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை வைகையாகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை ஓடைகளாகச் சாப்டூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் இறங்கிக் குண்டாறாகிப் பின் இராமநாதபுரக் கடற்கரையை நாடுகிறது. மேற்குச் சரிவுக்குப் பெரியாற்று நீரின் துணை 1895இல் வந்தது. கிழக்குச் சரிவுக்கு வானத்தைத் தவிர வேறு துணையில்லை. வட்டத்தின் தெற்கும் மேற்கும் பெரும்பாலும் கரிசல் மண். பருத்தியும் சோளமும் கம்புமே அதன் பழைய பயிர்கள்.

இந்த ஊருக்கும் நம் இறையியற் கல்விக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கிற்று. உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க அது நிறுவிய செமினரி 1842இல் திருமங்கலத்தில்தான் ஆரம்பமாயிற்று. 1845இல் அது பசுமலைக்கு மாற்றப்பட்டது. அமெரிக்கன் கல்லூரியும் தன் தொடக்கத்தை அந்த 1842ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. ஆகவே தென் தமிழ்நாட்டில் வேதசாஸ்திரம் கற்பித்த பழைய பள்ளிகளுள் ஒன்று குண்டாற்றங்கரையின் கரிசற் காற்றில் பிறந்ததாகும்.

செமினரி பசுமலைக்குச் சென்ற அதே 1845இல் மிஷனெரிமார் பழனி மலைமேல், கோடைக்கானலில், முதல் இரு வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களில் பலரையும் அவர்கள் பிள்ளைகளையும் கொண்டுபோயின. முன்னர்ச் சிறுமலையில் தங்கிப் பார்த்தபோது அங்கும் காய்ச்சல் விடவில்லை. உயிர் பிழைக்க மலையேறியவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றை வரலாற்றாசிரியன் குறித்துக்கொள்ள வேண்டும். பழனி மலையின் தென்சரிவு நீரெல்லாம் வராக நதியாகவும் மஞ்சளாறாகவும் மருதாநதியாகவும் வைகையையே வந்தடைகிறது. திருச்சபை, தான் அறிந்தோ அறியாமலோ, ஒரே நீர்ப்பிடிப்பின் உச்சியிலும் அதன் வறண்ட விளிம்பிலும் ஒரே காலத்தில் வீடு கட்டிக்கொண்டது. உச்சி ஓய்வுக்குரிய இடமாகவும், விளிம்பு ஊழியத்துக்குரிய இடமாகவும் கருதப்பட்டன. இரண்டையும் இணைக்கும் நீரைப் பற்றி எவரும் அதிகம் எண்ணியதாகத் தெரியவில்லை.

வைகையைப் பற்றி மிஷன் மறக்க முடியாத நினைவு ஒன்று உண்டு. பெரியகுளத்தில் பணியாற்றிய இளம் மிஷனெரி டேவிட் காயிட் ஸ்கடர் 1862 நவம்பரில் வெள்ளம் பெருகிய வைகையைக் கடக்க முயன்று மூழ்கி மாண்டார். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு சில நாட்களில் ஆளை விழுங்கும் ஆறாகிறது. இதுவே மலையாற்றின் இயல்பு. மலையில் சோலைக்காடு எவ்வளவு நிலைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு நீர் மெல்ல இறங்கும். காடு குறையுமளவுக்கு வெள்ளமும் வறட்சியும் நெருங்கிய உறவினராகும்.

தாது வருஷமும் பெரியாறும்

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் எண்ணம் ஆங்கிலப் பொறியாளருக்கு முன்பே நம்மவருக்குத் தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்து, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. வைகையின் கடைமடை இராமநாதபுரம். மலையைப் பற்றி முதலில் கவலைப்பட்டவன் நதியின் கடைசி ஊரான். 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் இத்திட்டம் ஆகாத காரியம் என்று அறிக்கை தந்தார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையும் காய்ச்சலாலும் கூலித் தகராறாலும் நின்றுபோயிற்று. 1867இல் ரைவ்ஸ் என்பவர் புதிய திட்டம் ஒன்றை வரைந்தார். அதுவும் கோப்பில் கிடந்தது.

கோப்பை எடுத்துத் தூசி தட்டியது பஞ்சமே. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் கூறுவர். மதுரை மாவட்டத்தின் வறண்ட வட்டங்கள் அதில் கடுமையாக அடிபட்டன. மக்கள் செத்தனர், பிழைத்தோரில் பலர் இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். சபைகளில் கஞ்சித்தொட்டி வைக்கப்பட்டது, அநாதைப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பஞ்சகாலத்தில் திருச்சபை செய்த இரக்கச் செயல்களை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். நம் குடும்பங்களில் எத்தனையோ அந்தக் கஞ்சியினால் உயிர் தப்பியவை. எனினும் பஞ்சத்தைத் தெய்வத்தின் தண்டனையாகவோ சோதனையாகவோ விளக்கிய பிரசங்கங்களுக்கு இருந்த இடம், கண்மாய் ஏன் வறண்டது என்ற கேள்விக்கு இருக்கவில்லை. அந்தக் கேள்வியை அரசாங்கம் தன் வரி வருமானத்தின் பொருட்டாவது கேட்டது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்திய மந்திரிக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. நீர் தேங்கும் 8,000 ஏக்கர் நிலமும் வேலைகளுக்கென மேலும் 100 ஏக்கரும் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாரம் 40,000 ரூபாய். கையெழுத்திட்ட இரு தரப்பிலும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவரும் இல்லை. நீரில் மூழ்கவிருந்த காட்டின் மன்னான், பளியர் முதலிய மக்களும் இல்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டு என்பது வேதாகமத்து யூபிலி ஆண்டினை இருபது முறைக்கும் அருகே அடக்கிவிடும் காலம். ஐம்பதாம் வருஷத்தில் நிலம் திரும்ப வேண்டும் என்று லேவியராகமம் 25 விதித்த உலகுக்கும் இந்தப் பத்திரத்தின் உலகுக்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் அளந்து பார்க்கலாம்.

1887இல் தொடங்கிய வேலை ஜான் பென்னிகுயிக் என்னும் இராணுவப் பொறியாளர் தலைமையில் நடந்து 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அந்த அணை 1,200 அடி நீளமுள்ளது. ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்கு மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே கொணர்ந்தனர். அந்நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகையை அடைகிறது. எசேக்கியா எருசலேமுக்கு நீர் கொணர்ந்த செய்தி 2 இராஜாக்கள் 20:20இல் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. அந்தச் சுரங்கத்தைக் குடைந்த தொழிலாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் வெட்டி வந்து நடுவே சந்தித்ததைச் சுரங்கச் சுவரில் கண்ட கல்வெட்டு சொல்கிறது. பெரியாற்றிலும் மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்ட கூலியாட்கள் மிகப் பலர். அணைக்கருகே கல்லறைத் தோட்டத்தில் துரைமார் சிலரின் கல்லறைகள் உள்ளன. கூலியாட்களுக்குச் சீலோவாம் கல்வெட்டளவு நினைவுகூடக் கிடைக்கவில்லை.

பென்னிகுயிக் மீது நம் மக்கள் கொண்ட அன்பு உண்மையானது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படம் வீடுகளில் தொங்குகிறது. அவர் பிறந்த நாளான சனவரி 15இல் பொங்கல் வைக்கின்றனர். 2013இல் கீழ்முகாமில் அரசு மணிமண்டபமும் எழுப்பியது. மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று சொல்லப்படும் கதையை மட்டும் நம் மாணவர்கள் பிரசங்க உதாரணமாக எடுத்தாளாதிருப்பது நலம். அணை சென்னை அரசின் பணத்தில் கட்டப்பட்டது. நல்ல பொறியாளரைப் பரிசுத்தவான் ஆக்கினால் அவரை அனுப்பிய அரசின் கணக்கு மறைந்துபோகும்.

நீர் சென்ற வழி

அக்கணக்கு எளியது. நீர் தாழ்வான பக்கம் பாயும். ஆனால் கால்வாய் எங்கே வெட்டப்படுகிறதோ அங்கேதான் பாயும். பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகை வழியே பேரணைக்கு வந்து, அங்கிருந்து வடகரையில் நிலக்கோட்டை, மதுரை, மேலூர்ப் பக்கங்களுக்குச் சென்றது. மேலூர் வட்டம் ஒரு தலைமுறையில் நெல் வயலாயிற்று. தென்மேற்கே இருந்த அன்றைய திருமங்கலம் வட்டம், அதாவது உசிலம்பட்டியையும் உள்ளடக்கிய பெரிய வட்டம், முன்போலவே மழையைப் பார்த்திருந்தது.

இதன் விளைவு நெற்பயிரோடு நிற்கவில்லை. மேலூர்ப் பகுதிக் கள்ளர் பெரியாற்றுப் பாசனத்தால் உழவில் நிலைத்தனர் என்று அக்கால அதிகாரிகள் மகிழ்ந்து கூறினர். மேற்கே, நீர் வராத பக்கத்தில் வாழ்ந்த பிறமலைக் கள்ளருக்கு வேறு மருந்து தேடப்பட்டது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள்மீது ஏவப்பட்டது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அவ்வூர் அன்று திருமங்கலம் வட்டத்தில் இருந்தது. கால்வாய் வராததே துப்பாக்கி வந்ததற்குக் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாகாது. சாதியும் காவல் உரிமையும் போலீசின் மனப்போக்கும் அதில் கலந்திருந்தன. ஆனால் ஒரே பெயர் தாங்கிய மக்களில் ஒரு பகுதியாருக்கு நீரும் மறுபகுதியாருக்குப் பதிவேடும் கிடைத்தன என்பதை மறைக்கவும் இயலாது. ‘குற்றம்’ என்பதன் இறையியலைக் கற்பிக்கும் நாம் அதன் நீர்ப்பாசனத்தையும் சற்றுக் கற்பிக்க வேண்டியுள்ளது.

விடுதலைக்குப்பின் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1959 சனவரி 21ஆம் நாள், ஆண்டிபட்டி அருகே வைகை அணை திறக்கப்பட்டது. அதில் 71 அடி வரை நீர் தேக்கலாம். அத்திட்டத்தை ஒட்டித் திருமங்கலத்துக்கென்று ஒரு பிரதான கால்வாயும் கிடைத்தது. இன்றும் அரசு நீர் திறக்கும்போது அறிவிக்கும் கணக்கு இது: கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் 14,707 ஏக்கர், பேரணைக்குக் கீழே பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் 45,041 ஏக்கர், ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதான கால்வாயில் ஒருபோகம் 19,439 ஏக்கர். திருமங்கலத்துக்கு இருபோகம் என்னும் பேச்சே இல்லை. ஒருபோகமும் அணையில் நீர் இருந்தால்தான். உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் 58 கிராமக் கால்வாய்க்காக நீண்ட காலம் போராடி, அது வெட்டி முடிந்தபின்னும், ஒவ்வோர் ஆண்டும் நீர் திறக்கக் கோரி மீண்டும் மனுக் கொடுக்கின்றனர். அக்சாள் ஒரு முறை கேட்டாள். இவர்கள் ஆண்டுதோறும் கழுதையை விட்டிறங்குகின்றனர்.

அணையும் முன்போல் இல்லை. மலையிலிருந்து வந்த வண்டல் படிந்து அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. 2017இல் அணை நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குத் திருப்பியனுப்பியதும் நாடு சிரித்த செய்தி. சிரித்தோரில் எத்தனை பேர் வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டனர்?

மடையும் கலிங்கும்

கால்வாய் வருமுன்னே கண்மாய் இருந்தது. ஓடையை மறித்துக் கரை கட்டி, நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு விட்டு, சங்கிலிபோல் மலையடி முதல் கடற்கரை வரை நீரைக் கைமாற்றிச் சென்ற ஏற்பாடு அது. மேல் கண்மாயின் கலிங்கு உயரமே கீழ் கண்மாயின் விதி. வரத்துக்காலைத் தூர் வாருவது, கரையைக் கட்டுவது முதலிய வேலைகளை ஊரார் செய்யும் குடிமராமத்தை வெள்ளையர் அரசு 1858இல் சட்டமாக்கிக் கட்டாய உழைப்பாக மாற்றப் பார்த்தது. உரிமை ஊராரிடமிருந்து போனபின் கடமை மட்டும் அவர்களிடம் தங்குமா? கண்மாய்கள் மெல்லத் தூர்ந்தன. பின்னர்ப் பொதுப்பணித்துறை வந்தது, பம்புசெட்டு வந்தது; கண்மாயின் தேவையே மறந்தது.

குடிமராமத்தைப் பொற்காலமாக வருணிக்கும் கட்டுரைகள் இப்பொழுது அதிகம் வருகின்றன. 2017இல் அரசும் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தூர் வாருவது நல்லதே. எனினும் நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் அழைக்கப்பட்டவர்கள் யார் என்று கேட்க வேண்டும். வெள்ளம் வந்த இரவில் மூச்சடக்கி மூழ்கி மடையைத் திறந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். ஒவ்வொரு வயலுக்கும் எவ்வளவு நீர் என்று அறிந்தவர்கள் அவர்களே; தமக்கென்று ஒரு வயலும் இல்லாதவர்களும் அவர்களே. நம் சபைகளின் உறுப்பினரில் பெரும்பகுதியார் இம்மக்களின் வழிவந்தவர்கள். பழைய ஏற்பாட்டை மீட்பதானால் இந்தப் பழைய அநீதியையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

இங்கே நம் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சேகரத்தில் நாம் குருவாயிருந்தபோது, மேல் கண்மாய் ஊராருக்கும் கீழ் கண்மாய் ஊராருக்கும் தகராறு மூண்டது. இரு ஊர்களிலும் நம் சபையார் இருந்தனர். கீழூரார் திருவிருந்துக்கு வர மறுத்தனர். நாம் ரோமர் 12ஐ எடுத்துச் சமாதானத்தைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கித்தோம். அடுத்த வாரம் கீழூர் மூப்பர் ஒருவர் எழுந்து, கோபம் கொண்டதற்காகச் சபை முன் மன்னிப்புக் கேட்டார். நமக்கு மிகுந்த திருப்தி. நெடுநாள் கழித்து வேறொரு காரியமாய் அக்கரை வழியே நடந்தபோதுதான் மேல் கண்மாயின் கலிங்கு சிமெண்டினால் இரண்டடி உயர்த்தப்பட்டிருந்ததைக் கண்டோம். அநியாயம் அடைந்தவரே மன்னிப்புக் கேட்கும்படி நம் பிரசங்கம் செய்திருந்தது. கலிங்கைப் பார்க்கச் செல்ல நமக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. ஈசாக்கு தோண்டிய கிணறுகளுக்கு ஏசேக்கு, சித்னா என்று சண்டையின் பெயர்களே இடப்பட்டன என்று ஆதியாகமம் 26 கூறுகிறது. அப்பெயர்களை வேதம் மறைக்கவில்லை. நாம் மறைத்தோம்.

மேற்புறத்து ஊற்றுகள்

இனி மலைக்கு வருவோம். பெரியாற்று நீர்ப்பிடிப்பில் இன்றளவும் காடு பெருமளவு நிலைத்திருக்கிறது. இது நம்மவர் செய்த புண்ணியம் என்று கூறிக்கொள்ள வழியில்லை. திருவிதாங்கூர் அரசு 1899இல் ஏரியைச் சுற்றிய காட்டை ஒதுக்குக் காடாக்கியது. 1934இல் அதன் ஒரு பகுதி வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகம். மதுரையின் நெல்லுக்கு வரும் நீரை ஊறவைத்துத் தரும் காட்டைக் காப்பவர் கேரளத்தார். 1970இல் திருத்திய ஒப்பந்தப்படி ஏக்கருக்கு 30 ரூபாய் வாரமும் மின்சாரத்துக்கான தொகையும் தமிழ்நாடு கொடுக்கிறது. அது மூழ்கிய நிலத்துக்குரிய வாடகை. மூழ்காமல் நின்று மழையைப் பிடிக்கும் காட்டுக்கு எந்தப் பத்திரத்திலும் கணக்கில்லை. அக்காட்டில் வாழ்ந்த மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களும் பளியரும் பின்னர் குமுளிப் பக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டனர்.

அக்காப்பகத்தில் நடந்த ஒரு காரியம் நம் கவனத்துக்குரியது. வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்துவந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் 1998ஆம் ஆண்டளவில் வனத்துறையோடு உடன்பாடு செய்துகொண்டு, தாம் நன்கறிந்த அதே காட்டுக்குக் காவலரும் வழிகாட்டிகளும் ஆயினர். அவர்கள்மீதிருந்த வழக்குகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் காடும் போயிருக்கும், அவர்களும் போயிருப்பர். மனந்திரும்புதலுக்கு உதாரணம் தேடுவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் மனந்திரும்பியது அவர்கள் மட்டுமா, வனத்துறையுமா என்று கேட்டால் பாடம் இன்னும் சுவைப்படும்.

நம் பக்கத்து மலைகளின் கதை வேறு. வருசநாட்டுப் பள்ளத்தாக்கு கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அது அரசுக்கு வந்தபோது காடு ஏற்கெனவே பெரிதும் வெட்டுண்டிருந்தது. பின்னர் நிலமற்றவர்கள் ஏறிச்சென்று காட்டைத் திருத்திப் பயிரிட்டனர். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நகரத்தாருக்கு எளிது. கீழே நீர் இல்லாததால் மேலே ஏறியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று கேட்டால் மலையின் சிக்கலும் கடைமடையின் சிக்கலும் ஒன்றே என்பது விளங்கும். 2021இல் அப்பகுதி திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகையும் குண்டாறும் பிறக்கும் சரிவுகள் இப்பொழுது சட்டப்படி காப்புக்குள் வந்துள்ளன. குடியிருப்போரின் நிலையோ வழக்குகளிலும் மனுக்களிலும் ஊசலாடுகிறது.

பழனி மலையில் புல்வெளியும் சோலையுமாய் இருந்த மேட்டு நிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சவுக்கைப் போன்ற அந்நிய வாட்டில் மரங்களும் யூக்கலிப்டசும் தோல் பதனிடுவதற்கும் ஆலைகளுக்குமாகப் பெருமளவில் நடப்பட்டன. புல்வெளி தரிசு நிலம் என்று கருதப்பட்டது. அது பஞ்சுபோல் நீரை வைத்திருந்து கோடையில் விடும் நிலம் என்பது காலம் தாழ்த்தியே உணரப்பட்டது. பாம்பார்ச் சோலையை அடுத்திருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிப்பட்டு, 2001இல் அது மூடப்பட்டது. அச்சோலையின் நீர் கும்பக்கரை வழியே பெரியகுளத்துக்கு இறங்கி வைகையைச் சேர்வது. 1985இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியபின் இவ்வுண்மைகள் பலருக்கும் தெரியலாயின. கோடைக்கானலில் வேனிற்கால வேதபாட முகாம்களும் கன்வென்ஷன்களும் நடத்திய நாம், கன்மலையிலிருந்து நீர் வந்ததைப் பற்றி அங்கே எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். சன்னலுக்கு வெளியே இருந்த கன்மலையை நம்மில் அதிகம் பேர் நோக்கவில்லை.

இரண்டு ஜெபங்கள்

அணையின் உறுதி பற்றிய அச்சம் 1979இல் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது, அணை வலுப்படுத்தப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. கேரள சட்டமன்றம் உடனே ஒரு சட்டத் திருத்தத்தால் அதைத் தடுத்தது. அத்திருத்தம் செல்லாது என்று 2014 மே 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்து, 142 அடியை உறுதி செய்து, மூவர் கொண்ட கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. இவை நாளேடுகளில் வந்தவை, விரிக்கத் தேவையில்லை.

நாளேடுகளில் வராத ஒன்று திருச்சபைக்கு உரியது. மலையின் அப்பக்கம் வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரங்களிலும் தென்னிந்தியத் திருச்சபை உண்டு. 1983இல் அமைந்த கிழக்குக் கேரளத் திருமண்டலம் அந்த மலைநாட்டைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் தமிழிலே ஆராதிக்கும் சபைகளும் அங்குள்ளன. மழைக்காலத்து இரவுகளில் அணை தாங்க வேண்டும், நீர்மட்டம் குறைய வேண்டும் என்று அவர்கள் ஜெபிக்கின்றனர். அதே இரவுகளில் நீர்மட்டம் 142 அடியைத் தொட வேண்டும் என்று நம் சேகரங்களில் ஸ்தோத்திரத்தோடு ஜெபிக்கின்றோம். 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் எல்லையில் கடைகள் உடைக்கப்பட்டு, தோட்டத் தொழிலாளர்கள் அஞ்சி ஓடி, கம்பம்-குமுளிச் சாலை அடைபட்டபோது இந்த இரு ஜெபங்களும் ஒரே திருச்சபையின் ஜெபங்களாகவே இருந்தன. அடிபட்டவரில் தமிழரும் மலையாளிகளும் இருந்தனர்.

அணை பலமாக உள்ளதா என்பதைப் பொறியாளர்கள் சொல்லட்டும். நிபுணர் குழு சொன்னதை ஏற்பதே நமக்குத் தகும். ஆனால் அஞ்சுகிறவனை ஏளனம் செய்வதும், தாகத்தோடு கேட்பவனைப் பேராசைக்காரன் என்பதும் பொறியியலாகா. இரு திருமண்டலங்களின் குருமார் சிலர் ஒரு நாள் தேக்கடியில் கூடி, அவரவர் சபையார் எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்பது இயலாத காரியமன்று. தீர்மானம் எதுவும் நிறைவேற்றாமல் கலைந்தாலும் தாழ்வில்லை.

இதனினும் சிறிய வேலை ஒன்று நம் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளது. மதுரை மாவட்டத்துப் பழைய சேகரங்களில் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள் பெட்டிகளில் கிடக்கின்றன. எந்த ஆண்டில் அடக்கம் மிகுந்தது, எந்த ஆண்டில் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின, எந்தக் கண்மாய்க்கரை ஊரிலிருந்து பிள்ளைகள் போர்டிங்குக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பவற்றை அவற்றிலிருந்து எடுத்து, மழைக்கணக்கோடும் கால்வாய் வந்த ஆண்டுகளோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையைத் தந்தால் திருமங்கலம் வட்டத்திலிருந்து தொடங்கலாம். கரையான் தொடங்கிவிட்டது.